சிறைவாசலுக்கு இந்தப் பக்கம்

எங்கள் பெரியப்பா ஜெயிலுக்குப் போய் வந்தவர். இதை எழுதுவதற்கு எனக்கு எழுபத்து மூன்று வயது ஆக வேண்டியிருந்தது. கொலை, கொள்ளை ஒன்றும் இல்லை. ஒரு சங்கத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார், கணக்கு உதைத்தது, பழி இவர் தலையில் விழுந்தது. இரண்டு வருஷம் உள்ளே இருந்தார். அவர் திரும்பி வந்தபோது நான் ஆறாவதோ ஏழாவதோ படித்துக்கொண்டிருந்தேன்.

அவர் உள்ளே இருந்த நாட்கள் எனக்கு அவ்வளவாக நினைவில்லை. வந்த பிறகு நடந்ததுதான் நினைவில் இருக்கிறது. சொந்த வீட்டு வாசலில், யாராவது "உள்ள வாங்க" என்று சொல்லும்வரை நிற்பார். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பாயைச் சுருட்டி வைத்துவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்திருப்பார். சோற்றை மளமளவென்று அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். பெரியம்மா ஒருநாள் அடுப்படியில் என் அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது: "ஜெயில்ல இருக்கையில அவுக எங்க இருக்காகன்னு எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்த பெறவுதான் தெரியல."

அன்று முதல், எந்தத் தலைவரின் வரலாற்றைப் படித்தாலும் சிறைக்கதை முடிகிற இடத்தில்தான் எனக்கு ஆர்வம் ஆரம்பிக்கும். வெளியே வந்து என்ன செய்தார்? வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது? நம் ஜில்லாக்காரரான வ.உ.சி.யின் வாழ்க்கையை நான் அப்படித்தான் பின்பக்கத்திலிருந்து படித்தேன்.

முன்பக்கம் உங்கள் எல்லோருக்கும் பாடம். 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி. 1908 தொடக்கத்தில் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தம், மார்ச்சில் கைது, அதற்கு மறுநாள் நெல்லையில் கலவரம், துப்பாக்கிச் சூடு. ஜூலையில் பின்ஹே துரையின் தீர்ப்பு, இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோவைச் சிறையில் செக்கிழுத்தார், பிறகு கண்ணனூர்ச் சிறை. 1912 டிசம்பரில் விடுதலை. பள்ளிக்கூடப் புத்தகம் இந்த இடத்தில் மூடிவிடும். அவரே அகவல் நடையில் எழுதிய சுயசரிதையும் சிறையிலிருந்து வெளியே வருவதோடு நின்றுவிடுகிறது. ஆனால் அவர் காலமானது 1936 நவம்பரில். சிறையில் இருந்தது ஐந்து வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. வெளியே வந்து வாழ்ந்தது ஏறக்குறைய இருபத்து நான்கு வருஷம்.

சிறைக்குப் போகும்போது அவர் தூத்துக்குடியில் பேர்பெற்ற வக்கீல். திரும்பி வந்தபோது என்ன மிச்சம் இருந்தது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கப்பல் கம்பெனி 1911-லேயே கலைக்கப்பட்டுவிட்டது. தண்டனை பெற்றதால் வக்கீல் சன்னது பறிபோயிற்று. சொத்து வழக்கிலும் குடும்பச் செலவிலும் கரைந்திருந்தது. தம்பி மீனாட்சிசுந்தரம், அண்ணனுக்குக் கிடைத்த தண்டனையைக் கேட்டுச் சித்தம் கலங்கினவர், கடைசிவரை தெளியவேயில்லை. உடன் தண்டனை பெற்ற சுப்பிரமணிய சிவா உடம்பில் தொழுநோயோடு வெளியே வந்திருந்தார். நாலரை வருஷத்தில் ஊரும் மாறிப்போயிருந்தது. 1911-ல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட பிறகு போலீசின் கெடுபிடி அதிகம். சுதேசி என்ற சொல்லைக்கூட மெதுவாகச் சொல்ல வேண்டிய காலம். கூட்டம் கூட்டமாகப் பின்னால் வந்தவர்களெல்லாம் எங்கே போனார்கள் என்று கேட்காதீர்கள். அவர்களுக்கும் பிள்ளைகுட்டிகள் உண்டு.

மிச்சம் இருந்தது மனைவி மீனாட்சி அம்மாளும் சிறு பிள்ளைகளும்.

மீனாட்சி அம்மாள் அவருக்கு இரண்டாம் மனைவி. முதல் மனைவி வள்ளியம்மை இளம் வயதிலேயே காலமாகிவிட்டார். மீனாட்சி அம்மாளைக் கல்யாணம் செய்துகொண்டு ஏழெட்டு வருஷத்துக்குள் கைது. ஒரு வக்கீலுக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பெண், கைக்குழந்தைகளோடு ஒரு கைதியின் மனைவியாக நாலரை வருஷத்தைக் கழித்திருக்கிறார். அந்த வருஷங்களைப் பற்றி அவரிடம் உட்கார்ந்து கேட்டு எழுதியவர்கள் இல்லை. கப்பலைப் பற்றி எழுதவே ஆளுக்குப் பஞ்சமாக இருந்த நாட்டில் அடுப்படிக்கு யார் வருவார்கள்?

விடுதலையான பின் அவர்கள் சொந்த ஜில்லாவுக்குத் திரும்பிக் குடியேறவில்லை, சென்னைக்குப் போனார்கள். சிந்தாதிரிப்பேட்டை, மயிலாப்பூர், பெரம்பூர் என்று வீடு மாறிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். வாடகை வீட்டில் குடியிருந்தவர்களுக்கு இதன் பொருள் தெரியும். கப்பல் விட்டவர் பலசரக்குக் கடை வைத்தார், மண்ணெண்ணெய்க் கடை வைத்தார். எதுவும் நிலைக்கவில்லை. கோர்ட்டில் வாதாடிப் பழகியவருக்குத் தராசு பிடிக்க வரவில்லை என்று நான் நினைத்துக்கொள்வேன். அது என் ஊகம்தான். எங்கள் பெரியப்பாவும் வந்த புதிதில் ஒரு பெட்டிக்கடை போட்டார். கடன் கேட்டவருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாமல் ஆறே மாதத்தில் மூடினார்.

அந்தச் சென்னை வருஷங்களில் வ.உ.சி. வீட்டு அடுப்பு எரிந்ததில் தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்கு முக்கியமான பங்கு உண்டு. தில்லையாடி வள்ளியம்மையைக் கொடுத்த அந்த மக்கள், கடல் தாண்டி இருந்துகொண்டு, தாங்கள் நேரில் பார்த்திராத ஒரு மனிதரின் குடும்பத்துக்காகப் பணம் சேர்த்து அனுப்பினார்கள். அப்படிச் சேர்ந்ததில் ஒரு தொகை காந்தி மூலமாக வர வேண்டியிருந்தது. 1915 ஏப்ரலில் காந்தி சென்னைக்கு வந்து தம்புச் செட்டித் தெருவில் ஜி.ஏ. நடேசன் வீட்டில் தங்கியிருக்கிறார். வ.உ.சி. பார்க்க வேண்டும் என்று கடிதம் எழுதுகிறார். காலை ஆறு மணிக்குச் சில நிமிஷம் தருவதாகப் பதில் வருகிறது. அந்த நேரத்துக்குப் போய்ச் சேர டிராம் கிடைக்குமா என்று யோசித்து வ.உ.சி. மறுபடி எழுதுகிறார். அவருக்கு அப்போது இருந்த ஒரே வாகனம் அதுதான். ஒன்பது வருஷம் முன்னால் கப்பல் வாங்கியவர்!

அந்தப் பணம் உடனே வந்து சேரவில்லை. கடிதங்கள் போகின்றன, வருகின்றன. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற விவரம் தேட வேண்டியிருந்திருக்கிறது. பணமே வேண்டாம் என்று சொல்லிவிடத்தான் அவருக்கு மனசு. ஆனால் இப்போதிருக்கும் நிலையில் அப்படிச் சொல்வது தப்பாகிவிடும் என்கிற பொருள்பட ஒரு கடிதத்தில் எழுதுகிறார். நான் இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மானஸ்தன் ஒருவன் தன் தரித்திரத்தை இங்கிலீஷில் மரியாதையாக எழுதுவது எத்தனை கஷ்டம் என்று மனு எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கடைசியில் 1916 தொடக்கத்தில் பணம் வந்தது. 347 ரூபாய் 12 அணா. ஆய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி இந்தக் கடிதங்களைத் தேடி எடுத்து வெளியிட்டிருக்கிறார், கிடைத்தால் படியுங்கள்.

இதற்கு நடுவில்தான் எழுத்து வேலையும் நடந்தது. 1914-ல் 'மெய்யறம்' வெளிவந்தது. ஜேம்ஸ் ஆலன் நூலின் தமிழாக்கமான 'அகமே புறம்' வெளிவந்தது. 1917-ல் திருக்குறள் அறத்துப்பாலை மணக்குடவர் உரையோடு பதிப்பித்தார். பின்னால் தொல்காப்பியம் இளம்பூரணத்திலும் உழைத்தார். நாளைக்கு அரிசிக்கு என்ன செய்வது என்று தெரியாத வீட்டில் ஒருவர் ஏட்டுச்சுவடியை வைத்துக்கொண்டு பாடபேதம் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த வீட்டுக்காரிக்கு எப்படி இருந்திருக்கும்? கோபம் வந்திருக்கலாம். அல்லது, இந்த மனுஷனைப் பழைய ஆளாக்குவது இதுதான் என்று புரிந்து, விளக்குக்கு எண்ணெய் ஊற்றிவிட்டுப் போயிருக்கலாம். இரண்டும் ஒரே நாளில் நடந்திருக்கும் என்பது என் கட்சி.

பெரியப்பா விஷயத்தில் கண்டது அதுதான். கடை போன பிறகு அவர் ஒன்றுமே செய்யாமல் இருந்தார். பெரியம்மா எங்கிருந்தோ பழைய துணிப் பொம்மைகளை வாங்கி வந்து பிரித்துப் போட்டு, "இதை மறுபடி தச்சுக் குடுங்க" என்றார். எதற்கு என்று அப்போது எங்களுக்குச் சிரிப்பு. கணக்கு எழுதிய விரல்கள் மாதக்கணக்கில் ஊசி பிடித்தன. அவர் முதன்முதலாக வாசலில் நிற்காமல் நேரே உள்ளே வந்தது அந்த நாட்களில்தான்.

வ.உ.சி. குடும்பம் பிறகு கோயம்புத்தூருக்குப் போனது. இதை நான் வெகுநாள் கவனிக்காமலே விட்டிருந்தேன். எந்த ஊர்ச் சிறையில் செக்கிழுத்தாரோ அதே ஊர்! அங்கே ஒரு வங்கியில் வேலை பார்த்தார். தினமும் ஆபீசுக்குப் போகிற வழியில் எந்தத் திக்கைப் பார்க்காமல் நடந்தாரோ. ஆனால் அந்த ஊரில் அவருக்கு நல்ல சிநேகிதர்கள் இருந்தார்கள். பெரியபுராணத்துக்கு உரை எழுதிய சி.கே. சுப்பிரமணிய முதலியார் அவர்களில் ஒருவர். வேதனைப்பட்ட ஊரிலேயே நாலு பேர் நட்பு கிடைத்தால் அந்த ஊர் வேறு ஊராகிவிடும் போலிருக்கிறது.

வங்கிச் சம்பளம் காணவில்லை. பிள்ளைகள் எண்ணிக்கையும் கூடியிருந்தது. சன்னதைத் திருப்பிக் கேட்டார். காலத்தைக் கவனியுங்கள். 1920-ல் ஒத்துழையாமை இயக்கம் வந்து, வக்கீல்களே கோர்ட்டை விட்டு வெளியே வாருங்கள் என்று காங்கிரஸ் கூப்பிட்ட சமயம் அது. வ.உ.சி. அந்தக் கொள்கையோடு ஒத்துப்போகாமல் காங்கிரசை விட்டே விலகியிருந்தார். பெரிய பெரிய வக்கீல்கள் கறுப்புக் கோட்டைக் கழற்றியபோது இவர் அதை மறுபடி மாட்டிக்கொள்ள விண்ணப்பம் போட்டார். இதைக் குறையாகப் பேசியவர்களை நான் பார்த்திருக்கிறேன், கையில் நல்ல பென்ஷன் உள்ளவர்கள்.

சன்னது திரும்பக் கிடைக்க உதவியவர் நீதிபதி ஈ.எச். வாலஸ். வெள்ளைக்காரர். 1908-ல் திருநெல்வேலியில் மாஜிஸ்ட்ரேட்டாக இருந்தவர், அதாவது அந்தப் பழைய நாட்களை அறிந்தவர். அந்த நன்றியை வ.உ.சி. எப்படிக் காட்டினார்? தன் கடைசி மகனுக்கு வாலேஸ்வரன் என்று பேர் வைத்தார். வாலஸும் ஈஸ்வரனும் சேர்ந்த பேர். வெள்ளையனின் கப்பலை எதிர்த்துக் கப்பல் விட்டவர், வெள்ளையன் பேரைப் பிள்ளைக்கு வைத்துத் தினமும் வீட்டுக்குள் கூப்பிட்டார். முன்பெல்லாம் இதைப் படிக்கையில் எனக்குச் சங்கடமாக இருக்கும். இப்போது இல்லை. சன்னது என்பது ஒரு காகிதம் மட்டுமல்ல. அது திரும்பி வந்த அன்றைக்குத்தான் அந்த வீட்டு மனிதர் முழுசாகச் சிறையை விட்டு வெளியே வந்தார். விடுதலை உத்தரவு வந்து பத்து வருஷம் கழித்து.

அதன்பின் கோவில்பட்டிக்கு வந்து வக்கீல் தொழில் பார்த்தார். 1932-ல் தூத்துக்குடிக்கே திரும்பினார். பழைய வருமானம் வரவில்லை, சட்டப் புத்தகங்களை விற்றுச் சாப்பிட்ட நாட்களும் உண்டு. ஆனாலும் புறப்பட்ட ஊருக்குத் திரும்பி வர அந்தக் குடும்பத்துக்கு இருபது வருஷம் ஆகியிருக்கிறது.

1936-ல் அவர் எழுதிவைத்த உயிலில் கப்பலும் இல்லை, அரசியலும் இல்லை. துணிக்கடைக்கு இவ்வளவு பாக்கி, எண்ணெய்க் கடைக்கு இவ்வளவு பாக்கி என்று குடும்பத்துக் கடன்களை வரிசையாக எழுதியிருக்கிறார்.

எங்கள் பெரியப்பா 1983-ல் போனார். பெரியம்மாவின் தகரப் பெட்டியில், அவர் தைத்த பொம்மை ஒன்று கடைசிவரை இருந்தது. ஒரு கண் பெரிசு, ஒரு கண் சின்னது.