சிறுதேரும் ஐம்படைத்தாலியும்

தமிழகத்தில் குழந்தையின் நகை முதலில் காப்பு, பிறகு விளையாட்டுப் பொருள். அழகு அதற்கும் பின்னால்தான். இதற்குப் பழைய சான்று ஐம்படைத்தாலி. திருமாலின் சங்கு, சக்கரம், வாள், வில், தண்டு ஆகிய ஐந்தையும் சின்னஞ்சிறு பொன்னுருவங்களாகச் செய்து குழந்தையின் கழுத்தில் கட்டினார்கள். பெரியவர்களின் போர்க்கருவிகள் இங்கே பொம்மை அளவுக்குச் சுருங்கிவிட்டன.

தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனின் இளமையைச் சொல்ல இடைக்குன்றூர் கிழார் இந்த நகையையே எடுத்துக்கொள்கிறார் (புறநானூறு 77). காலில் கிண்கிணி போய்க் கழல் ஏறிவிட்டது. கழுத்துத் தாலியோ இன்னும் களையப்படவில்லை. ஒரு பையன் எப்போது ஆளாகிறான் என்பதை எந்த நகை எப்போது கழற்றப்படுகிறது என்பதைக்கொண்டே அளந்திருக்கிறார்கள். பெரியாழ்வாரின் தாலாட்டில் கண்ணனுக்கு ஐம்படையை அனுப்புபவன் குபேரன்.

நகையும் விளையாட்டும் ஒரே முற்றத்தில் கிடந்ததைப் பட்டினப்பாலை காட்டுகிறது. காவிரிப்பூம்பட்டினத்துப் பெண்கள் காயும் உணவைக் கொத்தவரும் கோழியின் மேல் காதின் கனங்குழையைக் கழற்றி எறிகிறார்கள். விழுந்த குழை, சிறுவர்கள் உருட்டும் முக்கால் சிறுதேரின் வழியை மறிக்கிறது. செல்வச் செழிப்பைச் சொல்லவந்த மிகைதான், ஆனாலும் சிறுதேரின் மூன்று கால்கள் மிகையல்ல. மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில் இந்த இழைகள் எல்லாம் கூடுகின்றன. மழலையின் எச்சில் ஐம்படையை நனைக்கிறது. தளர்நடைக் குழந்தைகளைப் பொன்தேர்மேல் உள்ள யானையில் ஏற்றிவைத்து, முருகன் விழாவின் தொடக்கத்தைப் பாருங்கள் என்று பெண்கள் விளையாட்டுக் காட்டுகிறார்கள்.

முருகனின் ஐந்தாம் படைவீடான திருத்தணியிலும் குழந்தைக்கு முடி இறக்குவதும் காது குத்துவதும் இன்றும் வழக்கம். வெள்ளி அரைஞாண், சலங்கை கோத்த கொலுசு, பல் முளைக்கும் பருவத்தில் கடிப்பதற்கும் ஆகும் வசம்பு வளையல் ஆகியவை குழந்தையின் உடைமைகள். இவற்றில் விளையாட்டுப் பொருள் எது, நகை எது என்று பிரிப்பது வீண்.

1960 ஏப்ரல் 1 வரை திருத்தணி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. எல்லை மாறியும் வடக்கே திருப்பதியோடு உள்ள போக்குவரத்து நிற்கவில்லை. திருப்பதி வட்டாரத்தின் பெயர்பெற்ற பொம்மை மரப்பாச்சி. சேஷாசலம் மலைத்தொடரில் வளரும் செம்மரத்தில் ஆணும் பெண்ணுமாகச் செதுக்கிய இந்த இணையைப் பெண்ணுக்குச் சீராகக் கொடுப்பார்கள். கொலுவில் அதற்குத் துணி உடுத்தி மணிமாலை போடுவார்கள். மரத்துக்கு மருந்துக் குணம் உண்டென்ற நம்பிக்கையில், குழந்தை அதை வாயில் வைத்தாலும் யாரும் பிடுங்குவதில்லை. அதே மரத்தின் சிறு துண்டுகளை மணியாகக் கடைந்து கழுத்துமாலையும் கோக்கிறார்கள். செம்மரம் 1995இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தது. இப்போது கடைகளில் கிடைக்கும் மரப்பாச்சிகளில் பல வேறு மரத்தில் செய்து சாயம் பூசியவை.

வளர்ந்த பிள்ளைக்குச் சிறுத்துப்போன நகை வீணாவதில்லை. தம்பிக்கோ தங்கைக்கோ போகும். அல்லது பத்தரின் மூசையில் உருகி மோதிரமாகவோ தோடாகவோ மாறும். நேர்த்திக்கடனாக உண்டியலில் விழுவதும் உண்டு. முருகன் கோயில் உண்டியல்களில் வெள்ளி வேலும், பிள்ளை வரம் கேட்டவர்கள் போடும் சின்னத் தொட்டிலும் சேர்கின்றன. கோயில்களில் பயன்படாமல் கிடக்கும் பொன் காணிக்கைகளைப் பிரித்து, மும்பையிலுள்ள அரசு உருக்காலையில் 24 காரட் கட்டிகளாக்கி வங்கியில் முதலீடு செய்யும் திட்டத்தை அறநிலையத்துறை 2021இல் அறிவித்தது. 2025 ஏப்ரலில் வெளியான கணக்குப்படி 21 கோயில்களின் 1,000 கிலோவுக்கு மேற்பட்ட பொன் இப்படி வைப்பாகி, ஆண்டுக்கு ரூ. 17.81 கோடி வட்டி ஈட்டுகிறது.