கிரேயின் நூலும் கார்ட்டரின் கண்ணும்

1858இல் லண்டனில் வெளிவந்த உடற்கூற்று நூலொன்றை மருத்துவ உலகம் இன்றளவும் 'கிரே' என்றே அழைக்கிறது. எழுதியவர் ஹென்றி கிரே. முதற்பதிப்பின் 363 படங்களுக்கும் உழைத்த கை ஹென்றி வான்டைக் கார்ட்டருடையது. அச்சுக்குரிய மரக்கட்டைகளின்மேல் இடவலம் மாற்றி வரைந்தார். உறுப்பின் பெயரை உறுப்பின்மீதே எழுதினார். மாணவனின் கண் படத்தைவிட்டு அகல வேண்டியதில்லை. ஆனால் முகப்புப் பக்கத்தின் அச்சுப்படியைத் திருத்தும்போது கார்ட்டரின் பெயரைச் சிறிதாக்கச் சொன்னார் கிரே. விற்பனைக்கேற்ற உரிமைத்தொகை கிரேக்கு. கார்ட்டருக்கு ஒரே தடவையாக 150 பவுன்.

நூல் வெளிவந்தபோது கார்ட்டர் இந்தியாவில் இருந்தார். பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூற்றியல், உடலியங்கியல் பேராசிரியர். அங்கே நுண்ணோக்கி அவரை நம் மண்ணின் துயரொன்றோடு பிணைத்தது.

1842இல் மதுரை மருந்தகத்திலிருந்து கில் என்ற மருத்துவர் ஒரு நோயைக் குறித்திருந்தார். பாதம் வீங்கும், துளைகள் விழும், சீழோடு மணிமணியாக ஏதோ வெளிவரும். செருப்பின்றி வயலிலும் கரிசலிலும் நடந்தவர்களின் நோய் அது. முள் கீறிய வழியே கிருமி நுழையும். 'மதுரைப் பாதம்' என்று மருத்துவர்கள் பெயரிட்டார்கள். அந்த மணிகளை நுண்ணோக்கியில் வைத்துப் பூஞ்சையைக் கண்டு, 1860இல் 'மைசெட்டோமா' என்று பெயர் சூட்டியவர் கார்ட்டர். 1874இல் அதுபற்றித் தனிநூலே எழுதினார். பஞ்சம் தலைவிரித்தாடிய 1877இல் பம்பாயில் மீள்காய்ச்சல் நோயாளிகளின் இரத்தத்தில் சுருள் கிருமியைக் கண்டார். அக்காய்ச்சல் அவரையும் பற்றியது. 1888இல் ஓய்வு பெற்றார். 1897இல் இங்கிலாந்தில் மறைந்தார்.

கிரேயின் நூல் தமிழுக்கு வந்த கதையும் உண்டு. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீனின் முயற்சியில் 1872இல் அது 'மனுஷ அங்காதிபாதம்' ஆயிற்று. ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசுப் பணி தேடி நகரங்களுக்குப் போய்விடுகிறார்கள், தமிழில் படித்தால் கிராமத்தில் தங்குவார்கள் என்பது கிறீனின் கணக்கு. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், 2023 தொடக்கத்தில், மாணவர்களுக்கான கிரே நூலைத் தமிழக அரசின் பாடநூல் கழகம் மீண்டும் தமிழில் வெளியிட்டது.

நாகூருக்கு அண்மையில், ஒரத்தூரில், 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. கழனியில் கால் வைத்துப் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் அங்கே இடமுண்டு. உலகெங்கும் உடற்கூற்று வகுப்புகளில் இப்போது கண்ணாடிச் சில்லைப் பகுதி பகுதியாகப் படமெடுத்து, ஒன்றாக இணைத்துக் கணினித் திரையில் காட்டுகிறார்கள். ஒருவர் மட்டுமே குனிந்து பார்க்கக்கூடியதை நூறு பேர் ஒருசேரப் பார்க்கிறார்கள். வேண்டிய இடத்தைப் பெரிதாக்குகிறார்கள். கார்ட்டர் மரக்கட்டையில் செய்ததும் இதையேதான். திசுவைச் சீவிச் சாயமேற்றியவரின் பெயர் மட்டும் திரையிலும் பெரும்பாலும் தென்படுவதில்லை. ஆசிரியர்கள் அதை ஒருமுறையேனும் வகுப்பில் உரக்கச் சொல்லலாம்.