தோலுக்கு நிறம் தந்த இலை

வெளிர்பழுப்பு நிறத்தை ஆங்கிலத்தில் ‘டான்’ என்பார்கள். தோல் செருப்பின் வாரிலும் இடைவாரிலும் அந்த நிறத்தைப் பார்த்திருப்பீர்கள். தோலைப் பதனிடும் தொழிலிலிருந்து பிறந்த பெயர் அது. பச்சைத் தோலை அப்படியே விட்டால் அழுகிவிடும். துவர்ப்புள்ள மரப்பட்டை ஊறிய நீரில் போட்டு வைத்தால் உறுதிப்படும். பழுப்பு நிறமும் ஏறும். ஐரோப்பாவில் இதற்குக் கருவாலி மரப்பட்டை உதவியது; தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டை உதவியது.

நம் வட்டாரத்திலிருந்து சென்றது எது தெரியுமா? கம்பிர் என்னும் கொடியின் இலை. வெற்றிலை போடுவோர் அறிந்த காசுக்கட்டியைப் போன்ற துவர்ப்பு அதற்கு உண்டு. 1819-இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் இறங்குமுன்னரே சீனர்கள் அங்கே கம்பிர் பயிரிட்டு வந்தார்கள். பின்னர் பிரிட்டனின் தோல் தொழிலும் சாயத் தொழிலும் அதை விரும்பி வாங்கவே, தோட்டங்கள் பெருகின.

வேலையோ கடுமையானது. இலையைப் பறித்துப் பெரிய இரும்புக் கொப்பரையில் இட்டுக் காய்ச்ச வேண்டும். சாறு கெட்டியானதும் ஆறவைத்து, கட்டிகளாக வெட்டி உலர்த்த வேண்டும். அடுப்புக்கு ஓயாமல் விறகு வேண்டும். அதற்காகக் காடு அழிந்தது. காட்டோரம் வேலை செய்தவர்களில் பலரைப் புலி அடித்துக் கொன்றது. புலியைக் கொல்வோருக்கு அரசாங்கம் பரிசுப் பணம் கொடுத்தது. மாண்ட தொழிலாளர்களில் பெரும்பாலோரின் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை.

ஏறத்தாழ 15, 20 ஆண்டுகளில் மண் சத்திழந்துவிடும். உடனே புதுக்காடு தேடிப் போவார்கள். அப்படித்தான் 1840-களில் கம்பிர் ஜொகூருக்குப் பரவியது. ஆற்றோரத்து நிலங்களைச் சீனத் தலைவர்கள் அனுமதிக் கடிதம் பெற்றுத் திறந்தார்கள். அத்தலைவர்களுக்குக் காங்சூ என்று பெயர். கங்கார் பூலாய் போன்ற ஊர்ப்பெயர்கள் அந்தக் காலத்தின் சுவடுகளே.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் வந்தது, கம்பிர் பின்வாங்கியது. 1917-இல் ஜொகூர் அரசு காங்சூ முறையை ஒழித்தது. கம்பிர் விளைந்த நிலங்கள் பலவற்றில் ரப்பர் வேரூன்றியது. அந்த ரப்பர் தோட்டங்களுக்குத்தான் நம் முன்னோர்களும் பால்வெட்ட வந்து சேர்ந்தார்கள்.

ஆகவே பெற்றோர்களே, நம் தோட்டத்தின் கதை முதல் ரப்பர் கன்றோடு தொடங்கியதன்று. நமக்கு முன்னே வேறோர் இனத்து ஏழைகள் அதே மண்ணில் வியர்வை சிந்தியிருக்கலாம். உங்கள் ஊரில் ரப்பருக்கு முன் என்ன விளைந்தது, யார் உழைத்தார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். சீமைச் சப்பாத்தின் பழுப்பு நிறத்திலும் இந்த மண்ணின் உழைப்பு கலந்திருந்தது என்பதை அவர்கள் அறியட்டும்.