பச்சையை அருகில் வைத்தவர்கள்

கிரானடாவின் ஜன்னத்துல் அரீஃப் தோட்டப் படங்களில் சிவப்பும் மஞ்சளுமாய்ப் பூக்கள் குலுங்கக் கண்டு, அந்தலூஸ் முஸ்லிம்களின் ரசனை இதுவென நாம் பூரித்துப்போகிறோம். ஆனால் அங்குள்ள கீழ்த்தோட்டம் 1931இல் தொடங்கி 1951இல் முடிக்கப்பட்டது. முஸ்லிம்கள் நகரை இழந்ததோ 1492இல்! கால்வாய் முற்றத்தில் வளைந்து பாயும் நீர்த்தாரைகளும் பிற்காலச் சேர்க்கையே.

அவர்களின் ரசனை எதுவென அறிய, அல்மேரியாவின் இப்னு லுயூனை நாட வேண்டும். 1348இல் அவர் வேளாண்மையைச் செய்யுளாகவே பாடிவைத்தார். நீர்த்தொட்டியை ஒட்டி, இலையுதிராமல் கண்ணுக்கு இதமளிக்கும் பசும்புதர்கள். பல நிறப் பூக்கள் சற்றுத் தள்ளியே. இது அவர் வகுத்த முறை. வண்ணத்தை அவர் விலக்கவில்லை. தள்ளி நிறுத்தினார், அவ்வளவே.

அல்ஹம்ராவின் குமாரிஷ் முற்றத்தில் அந்த ரசனையை இன்றும் காணலாம். ஏறத்தாழ 34 மீட்டர் நீளக் குளம், இருபுறமும் மிர்ட்டில் எனும் மணமுள்ள புதர்வேலி, வெண்பளிங்குத் தரை. கண் கூசும் நிறமேதும் நடுவில் இல்லை. 1526இல் அங்கு வந்த வெனிஸ் தூதர் நவகேரோவும் மிர்ட்டில் வேலியைக் குறித்துவைத்துள்ளார்.

சூரா அர்ரஹ்மானின் 64ஆம் வசனம் ஒரே சொல்லால் ஆனது. கருமை தட்டுமளவு அடர்ந்த பசுமையுடைய சுவனத் தோட்டங்களை அச்சொல் வர்ணிக்கிறது. அதை ஓதிப் பழகிய கண்கள் குளக்கரையில் பசுமையைத் தேடியதில் நமக்கு வியப்பில்லை.

அம்முற்றத்தை ஸ்பானியர் இன்று ‘அர்ராயானெஸ்’ முற்றம் என்கின்றனர். நாமறிந்த ‘ரைஹான்’தான் அது.