மொழி மாறும் மலையடியில்

திருவேங்கடத்தை அயலூர் என்று சொல்ல நம்மில் எவருக்கும் நா எழாது. நம் காலனியில் திருமணம் என்றால் முதற்பத்திரிகை அம்மலைக்கே செல்கிறது. தலைப்பிள்ளையின் முடி அங்கேயே இறக்கப்படுகிறது. ஆயினும் சென்ற கோடை விடுமுறையில், நம் சங்கத்துக் குடும்பங்கள் சில காட்பாடியில் இரயிலை விட்டிறங்கிச் சித்தூர் வழியாகத் திருப்பதிக்குப் புறப்பட்டபோது, சித்தூர்ப் பேருந்து நிலையத்தில் நாம் அயலாராகவே நின்றோம். பேருந்துகளின் நெற்றியில் இருந்த எழுத்துக்கள் வட்ட வட்டமாகக் கண்ணுக்கு அழகாக இருந்தன. படிக்கத்தான் தெரியவில்லை.

நம்முடன் வந்த பெரியவர் ஒருவர், தமக்குப் பத்துத் தெலுங்குச் சொற்கள் தெரியும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தவர். அவர் துணிந்து ஒரு தேநீர்க் கடைக்காரரிடம் சென்று, "திருப்பதி பஸ்ஸு எக்கட?" என்றார். அவர் கையைப் பிடித்திருந்த பேத்தி, "ஏன் தாத்தா, அவரை 'டா' போட்டுப் பேசறீங்க?" என்று உரக்கக் கேட்டுவிட்டாள். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "கடைசியில நிக்குதே, அந்த வண்டிதாங்க ஐயா" என்று நல்ல வட ஆர்க்காட்டுத் தமிழில் விடை கூறினார். பெரியவரின் எஞ்சிய ஒன்பது சொற்களும் செலவாகாமல் நின்றன.

அக்கடைக்காரர் தமிழ் பேசியதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. 1911 வரை சித்தூர், வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகராக இருந்த ஊர். அவ்வாண்டிலேதான் அம்மாவட்டத்தின் வடபகுதியோடு கடப்பை மாவட்டத்து மதனப்பள்ளி, வாயல்பாடு வட்டங்களையும் இணைத்துச் சித்தூர் மாவட்டம் ஆக்கினர். 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அம்மாவட்டம் முழுவதும் அதனுள் அடங்கிற்று. மங்கலங்கிழாரும் ம. பொ. சிவஞானமும் முன்னின்று நடத்திய வடவெல்லைப் போராட்டத்தை நம் மூத்தோர் அறிவர். படாஸ்கரின் நடுவாண்மைக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. 2022இல் திருப்பதி சித்தூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று.

வேங்கடத்தை இழந்தோம் என்று இன்றும் வருந்துவோர் உளர். அவ்வருத்தத்தை நாம் எளிதாகக் கருதவில்லை. ஆனால் கோட்டை எங்கே கிழித்திருந்தாலும் அதன் இருபுறத்திலும் இருமொழி பேசும் வீடுகள் இருந்திருக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1888இல் திருத்தணியில் பிறந்தார். அவர் வீட்டு மொழி தெலுங்கு. இளமையில் திருப்பதியிலும் பின்னர் வேலூரிலும் சென்னையிலும் பயின்றார். அவரை எந்தப் பக்கத்தில் நிறுத்துவது?

இம்மலையடியில் மொழி மாறுகிறது என்பது நேற்று வந்த செய்தி அன்று. தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனார் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வடவெல்லையாக வேங்கடத்தைக் குறித்தார். அகநானூற்றில் மாமூலனார், புல்லி என்னும் தலைவனுக்குரிய வேங்கடத்தையும், அதற்கப்பால் உள்ள 'மொழிபெயர் தேய'த்தையும் பாடுகிறார். அந்நாட்டைக் கடந்து செல்பவன் யார்? போர் மேற் சென்ற மன்னன் அல்லன். பொருள் தேடி மனைவியைப் பிரிந்து போகும் இல்லறத்தான். நம் காலனியில் குடியேறிய ஒவ்வொருவரும் அவனுடைய வழித்தோன்றலே என்று சொன்னால் மிகையாகாது. அவ்வூரில் அவன் தண்ணீரை என்ன சொல்லிக் கேட்டான் என்பதைப் புலவர் கூறவில்லை. இங்கு வந்த முதல் மாதம், காய்கறிக் கடையில் விரலை நீட்டி விலை கேட்ட நம் இல்லத்தரசியரைக் கேட்டால் ஒருவாறு விளங்கும்.

ஒரு வேடிக்கை என்னவென்றால், அந்த அயல்மொழியில் நாம் வீட்டில் தொலைத்த சொற்கள் பல பத்திரமாக இருக்கின்றன. தொல்காப்பியர் வினாவுக்கு எதிர்ச்சொல்லாகச் 'செப்பு' என்றார். நாம் பேச்சில் அதை விட்டுவிட்டோம். தெலுங்கர் வீட்டில் தாய் குழந்தையைப் பார்த்து நாள்தோறும் "செப்பு" என்கிறாள். நமக்கு ஏட்டில் நின்ற 'இல்' அங்கே 'இல்லு' ஆகி உலை கொதிக்கும் வீடாக இருக்கிறது. போதும் என்பதற்கு அவர்கள் 'சாலு' என்பர். சாலும் என்று புலவர்கள் எழுதியதை நாம் தேர்வுக்குப் படித்து மறந்தோம்.

திருப்பதியில் கோவிந்தராசர் கோயிற் சுவரருகே நின்றபோதுதான் நம் பெருமிதம் சற்றே தளர்ந்தது. சித்தூரில் தாத்தாவைத் திருத்திய அதே சிறுமி, சுவரில் வரிவரியாக இருந்த எழுத்துக்களைக் காட்டி, "இதுவும் தெலுங்கா?" என்று கேட்டாள். அது தமிழ். பழைய எழுத்தாதலாலும் இடையிடையே கிரந்தம் கலந்திருந்தமையாலும் நாமே எழுத்துக்கூட்டித் தடுமாறினோம். ஆயினும் நாம் தடுமாறியது வேறு. அவள் தடுமாறியது வேறு. அவள் வீட்டில் வாய் ஓயாமல் தமிழ் பேசுகிறாள். பாட்டி ஊரிலிருந்து எழுதும் கடிதத்தை மட்டும் பிறர் படித்துச் சொல்லக் கேட்கிறாள். நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு ஈராண்டாக நடைபெறவில்லை என்பதை இவ்விழா மலரிலேயே எழுதுவது சிலருக்குக் கசக்கலாம். எழுதாமலும் இருக்க இயலவில்லை.

திருமலை, திருப்பதி, திருச்சானூர்க் கோயில்களின் கல்வெட்டுக்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை. சாது சுப்பிரமணிய சாஸ்திரியார் அவற்றை ஆராய்ந்து 1930இல் அறிக்கை வெளியிட்டார்; கல்வெட்டுத் தொகுதிகளும் அதனைத் தொடர்ந்து அச்சேறின. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தமிழ். பல்லவர் குடியைச் சேர்ந்த சாமவை என்னும் பெருமாட்டி வெள்ளித் திருமேனி அளித்த செய்தியும் தமிழிலேயே உள்ளது. இது சோழ, பல்லவர் காலத்தோடு நின்றுவிடவில்லை. தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத விசயநகர வேந்தர் காலத்திலும் கணக்கு தமிழிலேயே எழுதப்பட்டது. கோயிற் கணக்கர் 'திருநின்றவூருடையான்' என்று கையெழுத்திட்டிருக்கிறார். திருநின்றவூர் சென்னைக்கு அருகில் உள்ள ஊர். கிருஷ்ணதேவராயர் 1513இல் முதன்முறை மலையேறி அளித்த கொடைகளைத் தமிழ், தெலுங்கு, கன்னடம் என மூன்று மொழிகளிலும் பொறிக்கச் செய்தார். வருவோர் எவராயினும் படித்துக்கொள்ளட்டும் என்ற கருத்துப் போலும்.

அக்கல்வெட்டுக்களில் நம் மனத்தைக் கவர்ந்த தொடர் 'விட்டவன் விழுக்காடு' என்பது. ஒருவர் கோயிற் பண்டாரத்தில் பொருள் செலுத்துவார். அப்பொருளைக் கொண்டு கோயிலூர்களில் ஏரியும் கால்வாயும் வெட்டுவர். மிகுதியாக விளைந்த நெல்லால் அவர் பெயரில் அமுதுபடி நடக்கும். படைத்த பிரசாதத்தில் நான்கில் ஒரு பங்கு, விட்டவன் விழுக்காடாக அவருக்கு உரியது. கொடையாளர் பலர் அப்பங்கைத் தாம் உண்ணாது வழிப்போக்கருக்கு விட்டனர். பதினைந்தாம் நூற்றாண்டில் சாளுவ நரசிம்மர் இராமாநுசகூடங்களை நிறுவி, கந்தாடை இராமாநுச ஐயங்காரைப் பொறுப்பாளராக அமர்த்தினார். மலையேறிக் களைத்து வந்தவனுக்கு அங்கே சோறு கிடைத்தது. சோற்றை உண்ண மொழி வேண்டியதில்லை.

பிற்காலத்து நிகழ்ச்சிகளை விரிக்க இங்கு இடமில்லை. 1843இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் கோயில் நிருவாகத்தை வடநாட்டிலிருந்து வந்த துறவியரின் அத்திராம்ஜி மடத்துக்கு ஒப்படைத்தனர். 1933இல் தேவத்தானச் சட்டம் வரும்வரை அம்மடத்து மகந்துகளே ஆண்டனர். அதனால் இந்தியும் மலையேறிற்று. இவ்வளவுக்கும் நடுவே, மார்கழி மாதத்தில் சுப்ரபாதத்துக்குப் பதிலாக ஆண்டாளின் திருப்பாவையே இன்றும் அங்கே ஓதப்படுகிறது.

மலைமேல் அன்னப்பிரசாதத் திட்டம் 1985இல் தொடங்கியது. உண்ணும் மண்டபத்துக்கு, சித்தூர்ச் சீமையின் தரிகொண்டாவில் பிறந்த தெலுங்குக் கவிஞர் வெங்கமாம்பாவின் பெயரை இட்டிருக்கிறார்கள். தரிசனம் முடிந்து நாம் அங்கே பந்தியில் அமர்ந்தோம். ஒரு புறம் கன்னடக் குடும்பம்; எதிரே மராட்டியர் போலும், அவர்கள் பேசியது நமக்குப் புரியவில்லை. சோறும் குழம்பும் வந்தன. சிறுமி இலையிலிருந்த சர்க்கரைப் பொங்கலை முதலில் முடித்துவிட்டு, "தாத்தா, அந்தச் சுவத்துல முதல் எழுத்து என்ன?" என்று கேட்டாள். பெரியவர் தண்ணீர் தொட்ட விரலால் இலையோரத்தில் 'ஸ்ரீ' என்று எழுதிக் காட்டினார். அவள் தன் இலையில் எழுதிப் பார்த்தாள்; கோணலாகத்தான் வந்தது.

அப்போது சோற்றுக் கூடையோடு வந்த இளைஞர் பெரியவரின் இலை முன் நின்று, "சாலா?" என்றார்.

பெரியவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு, "சாலும்" என்றார்.

இளைஞர் தலையசைத்துவிட்டு அடுத்த இலைக்குச் சென்றார்.