காற்றுக்குக் கணக்கு உண்டா?



சென்ற கோடையில் ஒரு ஞாயிறு பின்நேரம் மெல்பேர்ண் டொக்லண்ட்ஸ் பக்கம் போயிருந்தேன். என் தங்கையின் மகன் அங்கே சிறு பாய்ப்படகு ஓட்டப் பழகுகிறான். கரையில் நின்ற என் தொப்பியைக் காற்று பறித்துக்கொண்டு போனது. ஆனால் துறையின் நடுவில் அவனுடைய பாய் தொய்ந்து கிடந்தது. சற்று நேரத்தில் எதிர்ப்பக்கமிருந்து ஒரு வீச்சு வந்து படகைச் சரித்தது. நனைந்து கரையேறியவன், "மாமா, காற்று இருக்குது. எந்தப் பக்கத்தால வரும் எண்டுதான் தெரியேல்லை" என்றான்.

எங்கள் ஊர்க் கடற்கரையில் காற்றுகளுக்குப் பெயர் இருந்தது. வாடை, சோளகம், கச்சான், கொண்டல் என்று பார்த்துத்தான் வள்ளம் இறக்குவார்கள். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்கினார். எம்மவர் மாலுமிகளோடு புறப்பட்ட அந்தக் கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. காற்றை நம்பித் தொழில் செய்த சமூகம் எங்களுடையது. ஆகையால் மருமகன் சொன்னது எனக்கு விளையாட்டுப் பேச்சாகப் படவில்லை. இதன் வரலாற்றைத் தேடிப் பார்த்தேன்.

டொக்லண்ட்ஸ் துறை இயற்கையாக அமைந்ததல்ல. மெல்பேர்ண் நகருக்கு மேற்கே இருந்த சதுப்பு நிலத்தைத் தோண்டி, 1892 இல் விக்ரோறியா துறையைத் திறந்தார்கள். சுற்றிவர இருந்தவை பெரும்பாலும் பதிந்த சரக்குக் கொட்டகைகளே. 1969 இல் மேற்கே ஸ்வான்சன் துறை கொள்கலன் கப்பல்களுக்காகத் திறக்கப்பட்டது. பழைய துறைக்கு வேலை குறைந்தது. 1991 இல் இந்த நிலத்தை அபிவிருத்தி செய்ய ஓர் அதிகாரசபை அமைக்கப்பட்டது. 2000 ஆம் ஆண்டு மார்ச்சில் விளையாட்டரங்கு திறக்கப்பட்டது. அதன்பின் துறையின் வடக்கே நியூகீ, தெற்கே யாரா ஆற்றின் இரு கரைகள் என்று அடுக்குமாடிகள் எழுந்தன.

இப்போது காற்றுக்கு என்ன நடக்கிறது? கோடைப் பின்நேரத்துக் கடற்காற்று தெற்கே போர்ட் பிலிப் குடாவிலிருந்து வருகிறது. உயர்ந்த கட்டடத்தில் மோதினால் அதன் ஒரு பகுதி சுவர்வழியே கீழே இறங்கி, நடைபாதையில் வேகமாக வீசும். இன்னொரு பகுதி இரண்டு கட்டடங்களுக்கு இடையிலான ஒடுங்கிய வெளியால் பீறிட்டு வரும். கட்டடத்தின் மறுபக்கத்தில் காற்று தளர்ந்து சுழலும். வயல் ஓரத்தில் நெடுக நிற்கும் மரவேலி, தன் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரம்வரைகூடக் காற்றைத் தணிக்கும் என்பது கமக்காரர் அறிந்த கணக்கு. தனிக் கட்டடத்தின் நிழல் அவ்வளவு நீளாது. ஆனால் நிரையாக நின்றால் நிழலும் நீளும். கரையில் என் தொப்பி பறந்ததும் நடுவில் பாய் தொய்ந்ததும் ஒரே காரணத்தால்தான்.

சிட்னி நேயர்களுக்கும் இது புதிதல்ல. அங்கே கோடையின் வடகிழக்குக் காற்றை நம்பிப் பாய் விரிப்பவர்கள் பலர். 1891 இல் தொடங்கிய சிட்னி பிளையிங் ஸ்குவாட்ரன் என்ற படகுக் கழகம் இன்றும் இருக்கிறது. பழைய சரக்குத்துறையான பரங்காருவில் 2020 இல் முடிந்த கோபுரம் மட்டும் 271 மீற்றர் உயரம். வடகிழக்குக் காற்று வீசும்போது அதன் காற்றுநிழல் டார்லிங் ஹாபர் பக்கமே விழும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1861 இல் இங்கிலாந்தில் ஒரு காற்றாலைச் சொந்தக்காரர், அயலில் எழுந்த பாடசாலைக் கட்டடம் தன் ஆலைக்கு வரும் காற்றை மறிக்கிறது என்று வழக்காடினார். எத்தனை வருடம் அனுபவித்திருந்தாலும் திறந்தவெளியால் வரும் காற்றுக்கு அப்படி உரிமை பிறக்காது என்று தீர்ப்பானது. அவுஸ்திரேலியாவின் பொதுச் சட்டம் வந்ததும் அந்த மரபிலிருந்துதான். ஒல்லாந்தர் வேறு வழியில் போனார்கள். பழைய காற்றாலைகளைச் சுற்றி 400 மீற்றர்வரை கட்டட உயரத்தை அங்கே பல இடங்களில் இன்றும் கட்டுப்படுத்துகிறார்கள்.

மெல்பேர்ண் நகர மையத்தில் 40 மீற்றருக்கு மேற்பட்ட புதுக் கட்டடங்கள் ஆபத்தான காற்றை உண்டாக்கக் கூடாது என்று 2016 இல் விதி வந்தது. நல்ல விதிதான். ஆனால் அது நடப்பவரையும் இருப்பவரையும் எண்ணி எழுதப்பட்டது, பாய் விரிப்பவரை எண்ணியல்ல.

அடுக்குமாடிகளைக் குறை கூற நான் வரவில்லை. எங்கள் பிள்ளைகள் பலர் அவற்றில்தான் குடியிருக்கிறார்கள். வேலியடைத்துக் கிடந்த துறைக்குள் நாங்கள் நடக்க முடிந்ததும் இந்த அபிவிருத்தியால்தான். ஆனால் நான் காலமெல்லாம் கணக்கு எழுதி வருபவன். ஐந்தொகையில் பதியாத சொத்தை இழந்தால், இழந்ததே ஒருவருக்கும் தெரியாது. காற்றும் அப்படியான சொத்துத்தான். கட்டுவதற்கு முன் காற்றுச் சுரங்கத்தில் மாதிரி வைத்து நடைபாதையை அளக்கிறவர்கள், தண்ணீரின் மேலும் அளக்கலாம். கோபுரங்களுக்கு இடையே காற்று வரும் திசையில் வெளி விடலாம்.

உங்கள் பகுதியில் நீர்க்கரைத் திட்டத்துக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்டால், கூச்சப்படாமல் எழுந்து இந்தக் கேள்வியைக் கேளுங்கள். காற்றைப் பார்த்து வள்ளம் இறக்கியவர்களின் பிள்ளைகள் நாங்கள். கேட்க எங்களுக்குத் தகுதி உண்டு.