ரூஃபிஜியின் கணக்கும் எம்பராலியின் பலகையும்

தான்சானியாவின் மொரோகோரோ ஊரக மாவட்டத்தில் நோயால் இழந்த ஆயுள் ஆண்டுகளைக் கூட்டிப் பார்த்தபோது, ஏறத்தாழ 30 விழுக்காடு மலேரியாவின் பக்கம் விழுந்தது. 1996ஆம் ஆண்டு மாவட்டச் சுகாதாரச் செலவில் மலேரியாவுக்குப் போன பங்கு 5 விழுக்காடு. காசநோயால் இழந்த ஆண்டுகள் 4 விழுக்காட்டுக்கும் குறைவு. அதற்குப் போன பணம் 22 விழுக்காடு. எவரும் பணத்தைக் கையாடவில்லை. போன ஆண்டுத் திட்டத்தைப் பார்த்து இந்த ஆண்டுத் திட்டத்தை எழுதினார்கள். கொடையாளி நாடுகள் எதற்கென்று கொடுத்தனவோ அதற்குச் செலவழித்தார்கள். அந்தப் பழக்கத்துக்கு விலை கொடுத்தவர்கள் குழந்தைகள்.

ஆளுக்குச் சில டாலர்தான் கையிருப்பு என்றால், யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு என்ற கேள்வியிலிருந்து எந்த மாவட்ட மருத்துவ அதிகாரியும் தப்ப முடியாது. அவர் வாய் திறக்காமல் இருந்தாலும் பட்டியல் தானாக உருவாகிவிடும். குரல் உள்ளவர்களே மேலே வருவார்கள். நியாயமான பட்டியலை எப்படி உருவாக்குவது என்பதற்குத் தான்சானியாவில் பத்தாண்டு இடைவெளியில் இரண்டு விடைகள் தேடப்பட்டன. முதலாவது, மொரோகோரோவிலும் கிழக்கே ஆற்று முகத்துவாரம் அமைந்த ரூஃபிஜியிலும் 1997இல் தொடங்கியது. அது எண்ணிக்கையை நம்பியது. இரண்டாவது, தென்மேற்கில் உசாங்குச் சமவெளியின் நெல்வயல்கள் சூழ்ந்த எம்பராலி மாவட்டத்தில் 2006இல் தொடங்கியது. அது முடிவெடுக்கும் முறையை நம்பியது. இரண்டையும் ஒரே கேள்வியைக் கொண்டு அளக்க விரும்புகிறேன்: வலி எடுத்த ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு இவற்றால் என்ன கிடைத்தது?

முதல் முயற்சியின் வித்து உலக வங்கியின் 1993ஆம் ஆண்டு உலக வளர்ச்சி அறிக்கையில் இருக்கிறது. ஏழை நாடுகள் ஆளுக்கு 12 டாலர் அளவில், கவனமாகத் தேர்ந்தெடுத்த சில சேவைகளுக்குச் செலவிட்டால் நோய்ச்சுமையின் பெரும் பங்கை இறக்கிவிடலாம் என்றது அது. கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையமும் தான்சானியச் சுகாதார அமைச்சகமும் சேர்ந்து இந்த வாதத்தை இரண்டு மாவட்டங்களில் சோதித்துப் பார்த்தன. 'டெஹிப்' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட திட்டம் அது.

அங்கே பெரும்பாலானவர்கள் வீட்டிலேயே இறந்தார்கள். ஆகவே மருத்துவமனைப் பதிவேட்டை வைத்து ஊரின் நோயை அறிய வழியில்லை. கணக்கெடுப்பாளர்கள் வீடு வீடாகப் போய்ப் பிறப்பு, இறப்பு, இடம்பெயர்வு ஆகியவற்றைக் குறித்தார்கள். இறப்பு நேர்ந்த வீட்டில் உட்கார்ந்து கடைசி நாட்களைப் பற்றி விசாரித்தார்கள்: காய்ச்சல் எத்தனை நாள் இருந்தது, மூச்சு வாங்கியதா, பிரசவமானால் ரத்தம் எவ்வளவு போனது? அந்தப் பதில்களிலிருந்து இறப்பின் காரணத்தைக் கணித்தார்கள். இப்படிச் சேர்ந்த தகவல் மாவட்டக் குழுவின் மேசைக்குச் சில பட்டைகள் கொண்ட எளிய வரைபடமாக வந்தது. ஒரு பட்டை நோயின் சுமை, பக்கத்துப் பட்டை அதற்குப் போகும் பணம். புள்ளியியல் படிக்காத அதிகாரிக்கும் கோளாறு எங்கே என்று ஒரு பார்வையில் விளங்கியது.

கூடுதலாக ஆளுக்கு 2 டாலர் வரை தரத் திட்டம் தயாராக இருந்தது. மாவட்டங்களால் உருப்படியாகச் செலவழிக்க முடிந்தது 80 சென்ட் அளவுதான். அந்தச் சிறு தொகை கொசுவலைக்கும், நோயுற்ற குழந்தையை முழுமையாகப் பரிசோதித்துச் சிகிச்சை தரும் பயிற்சிக்கும், மருந்துக்கும் போனது. ரூஃபிஜியில் 1999க்கும் 2000க்கும் இடையில் மட்டும் ஆயிரம் பிறப்புக்கு 100 என்றிருந்த சிசு இறப்பு 72 ஆனது. ஐந்தாண்டுகளில் குழந்தை இறப்பு 40 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. நாடு முழுவதும் அதே காலத்தில் குழந்தை இறப்பு இறங்கிக்கொண்டுதான் இருந்தது என்பதால் எல்லாப் பெருமையையும் இந்தத் திட்டத்துக்கே கொடுத்துவிட முடியாது. ஆனாலும் பணத்தைக் கூட்டுவதைவிட அதைச் சரியான இடத்தில் வைப்பது எத்தனை உயிர்களைக் காக்கும் என்று இவ்வளவு தெளிவாகக் காட்டிய முயற்சி ஆப்பிரிக்காவில் அதற்கு முன் நடந்ததாக நான் அறியவில்லை.

இனி தாய்மார்களைப் பார்ப்போம். தான்சானியாவின் 2004-05 தேசியக் கணக்கெடுப்பு, ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் ஆயிரம் பிறப்புக்கு 112 என்றது. தாய் இறப்பு லட்சம் பிறப்புக்கு 578. இரண்டையும் ஒரே அளவில் வைத்தால் லட்சம் பிறப்புக்கு 11,200 குழந்தைகள், 578 தாய்மார்கள். ஒரு தாய்க்கு ஏறத்தாழ இருபது குழந்தைகள். உலகின் பணக்கார நாடுகளோடு ஒப்பிட்டால் அந்த 578 பயங்கரமான எண். ஆனால் சுமைப் பட்டைகளை வரைந்து பார்த்தால் தாயின் பட்டை குட்டையாகவே நிற்கும்.

செலவின் தன்மையும் தாய்க்கு எதிராகவே இருக்கிறது. ஒரு கொசுவலை வாங்கினால் ஒரு குழந்தைக்குப் பயன். ஆயிரம் வாங்கினால் ஆயிரம் குழந்தைகளுக்கு. பணம் எவ்வளவோ அவ்வளவு பலன். பிரசவச் சிக்கல் அப்படிப்பட்டதன்று. நூற்றில் பதினைந்து பிரசவங்களில் ஆபத்தான சிக்கல் வரலாம், ஆனால் எந்தப் பெண்ணுக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பிள்ளை பிறந்த பின் வரும் கடும் ரத்தப்போக்கு இரண்டு மணி நேரத்தில் உயிரைக் குடித்துவிடும். அந்த நேரத்துக்குள் எட்டும் தொலைவில் அறுவை அரங்கு வேண்டும், மயக்கமருந்து கொடுக்கத் தெரிந்தவர் வேண்டும், ரத்தம் வேண்டும், வண்டி வேண்டும். நான்கில் ஒன்று குறைந்தாலும் மற்ற மூன்றுக்குச் செலவழித்த பணம் அந்த இரவில் உதவாது. ஆளுக்கு 80 சென்டைப் பிரித்துக் கொடுக்கும் கணக்கு இந்த வாசலைத் தாண்டுவது கடினம்.

இதன் விளைவைத் தேசியக் கணக்கெடுப்புகளிலேயே பார்க்கலாம். குழந்தை இறப்பு 112இலிருந்து 2010இல் 81, 2015-16இல் 67 என்று படிப்படியாக இறங்கியது. தாய் இறப்பு 578இலிருந்து 454க்கு வந்து, 2015-16இல் மறுபடியும் 556இல் நின்றது. தாய் இறப்பைக் கணிப்பதில் பிழைவரம்பு அகலமானது. ஆகவே இந்த ஏற்ற இறக்கத்தில் அதிகப் பொருள் தேடக் கூடாது. ஆனால் குழந்தைகளுக்குக் கிடைத்த சீரான முன்னேற்றம் தாய்மார்களுக்குக் கிடைக்கவில்லை என்பதில் எனக்கு ஐயமில்லை.

எம்பராலியில் நடந்தது வேறு வகை. அங்கே பயன்பட்ட கோட்பாடு பிறந்த இடம் ஆப்பிரிக்காவிலிருந்து வெகு தொலைவு. தத்துவ அறிஞர் நார்மன் டேனியல்ஸும் மனநல மருத்துவர் ஜேம்ஸ் சேபினும் 1997இல், அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் எந்தச் சிகிச்சைக்குப் பணம் தரும், எதற்குத் தராது என்ற சச்சரவை ஆராய்ந்து இதை எழுதினார்கள். எது நியாயமான பங்கீடு என்பதில் நல்லவர்களும் கருத்து வேறுபடுவார்கள். ஆகவே முடிவு எட்டப்படும் முறையையாவது நியாயமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் வாதம். எடுத்த முடிவும் அதன் காரணமும் எல்லோருக்கும் தெரிய வேண்டும். பாதிக்கப்படுகிறவர்கள் பொருத்தமானது என்று ஒப்புக்கொள்ளக்கூடிய காரணமாக அது இருக்க வேண்டும். முறையிட்டு முடிவை மாற்ற வழி வேண்டும். இவை மூன்றும் உண்மையில் நடக்கின்றனவா என்று பார்க்க ஒரு பொறுப்பாளர் வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் 'ரியாக்ட்' என்ற ஆய்வுத் திட்டம் இந்த நான்கு நிபந்தனைகளையும் கென்யாவின் மாலிண்டி, சாம்பியாவின் கபிரி எம்போஷி, தான்சானியாவின் எம்பராலி ஆகிய மூன்று மாவட்டங்களில் நடைமுறைக்குக் கொண்டுவர முயன்றது. மலேரியா, எச்.ஐ.வி., பொதுச் சிகிச்சை ஆகியவற்றோடு அவசர மகப்பேறு சிகிச்சையையும் தனித் தலைப்பாக எடுத்துக்கொண்டது. சுமைப் பட்டையில் குட்டையாக நின்ற விஷயத்துக்கு இங்கே தொடக்கத்திலேயே ஓர் இருக்கை கிடைத்தது. இதை நான் சிறிய செய்தியாக நினைக்கவில்லை.

ரியாக்ட் வருவதற்கு முன் எம்பராலியில் மாவட்ட மருத்துவ அதிகாரியும் அவரைச் சுற்றிய சிலருமே மாவட்டச் சுகாதாரத் திட்டத்தை எழுதினார்கள். அது வந்த பின் பேச்சில் பங்குகொள்வோர் வட்டம் விரிந்தது. எடுத்த முடிவுகள் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டன. ஏன் இது முதலில், அது ஏன் பிறகு என்று காரணம் சொல்லும் பழக்கம் அலுவலர்களிடையே துளிர்த்தது. அதை அவர்களே விரும்பியதாகவும் ஆய்வுகள் பதிவு செய்கின்றன.

தடைகளையும் அதே ஆய்வுகள் மறைக்கவில்லை. எந்தத் தலைப்புக்கு எவ்வளவு என்று மேலிருந்து வரும் வழிகாட்டி முன்னதாகவே வரம்பு கட்டியிருந்தது. பணம் தாமதமாக வந்தது. முறையிடும் வழி நான்கு நிபந்தனைகளிலும் மிக நலிந்ததாகவே நின்றது. கூட்டங்களில் பெண்களின் சொல்லுக்கு ஆண்களின் சொல்லுக்குள்ள எடை இல்லை. படிப்பும் வசதியும் இனக்குழுவும் யார் பேசுவது, யார் கேட்பது என்பதைத் தீர்மானித்தன. அவசர மகப்பேறு சிகிச்சை பேசுபொருளாக இருந்த இடத்திலேயே, பிள்ளை பெற்றுக்கொள்கிறவர்களின் குரல் எடுபடவில்லை. எழுத்தறியாத தாய்க்கு அலுவலகச் சுவரில் ஒட்டிய தாள் எவ்வகையிலும் பதிலாகாது.

எம்பராலி முயற்சி எத்தனை உயிரைக் காத்தது என்று கேட்டு ரூஃபிஜியோடு போட்டி வைப்பது முறையன்று. அது அளந்தது முடிவெடுக்கும் விதத்தை. ஆனால் இரண்டையும் சேர்த்து வாசித்தால் ஒன்று புலப்படுகிறது. ரூஃபிஜியின் பட்டைகள் மாவட்டக் குழுவுக்குக் கண் கொடுத்தன; அந்தப் பட்டைகளை எதிர்த்து வாதிட ஒரு தாய்க்கு அங்கே இடம் போதவில்லை. எம்பராலி அந்த இடத்தைத் திறந்தது. ஆனால் அங்கே வாதிடக் கையில் எண் இல்லை, வென்றாலும் கொடுக்கப் பணம் இல்லை. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால் முதல் ஐந்தாண்டுக்கு ரூஃபிஜியையே தேர்ந்தெடுப்பேன், குழந்தைகளுக்காக. அதன் பிறகும் பட்டையை மட்டுமே நம்பிக்கொண்டிருந்தால் அது தாய்மார்களுக்கு இழைக்கும் அநீதி.

இதற்கிடையில் வேறு ஒரு தேர்வும் தான்சானியாவின் முன் நின்றது. 2007இல் அரசு அறிவித்த ஆரம்ப சுகாதாரத் திட்டம் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு டிஸ்பென்சரி என்று இலக்கு வைத்தது. கேட்பதற்குச் சமநீதி போலவே ஒலிக்கும். ஆனால் டிஸ்பென்சரியில் சிசேரியன் செய்ய முடியாது. அதே காலத்தில் கிகோமா, மொரோகோரோ, ரூஃபிஜி அடங்கிய புவானி ஆகிய பகுதிகளில் சில சுகாதார நிலையங்களுக்கு அறுவை அரங்கு கட்டி, உதவி மருத்துவ அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுத்து, அங்கேயே அறுவை செய்ய வைத்தார்கள். பட்டம் பெற்ற மருத்துவர் வரும்வரை காத்திருக்கவில்லை. தான்சானியாவில் உதவி மருத்துவ அதிகாரிகள் 1960களிலிருந்தே கத்தி எடுத்தவர்கள். வாசலுக்கு வாசல் ஒரு டிஸ்பென்சரியா, இருபது கிராமத்துக்கு ஓர் அறுவை அரங்கா என்று ஒரு கிராமத்துப் பெண்ணிடம் கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள்? அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்க வைப்பதுதான் எம்பராலி முறையின் வேலை. பதில் சொல்வதற்கு முன் இரண்டின் பலனையும் அவளுக்கு எடுத்துக் காட்டுவது ரூஃபிஜி முறையின் வேலை.

அண்மைக்காலச் செய்தி ஆறுதல் தருகிறது. 2017க்குப் பிறகு நூற்றுக்கணக்கான சுகாதார நிலையங்கள் அறுவை வசதியோடு தரம் உயர்த்தப்பட்டன. ஏரிக்கரைப் பகுதிகளில் 2013இல் தொடங்கிய 'எம்-மாமா' என்ற அவசரப் போக்குவரத்து ஏற்பாடு இப்போது நாடு தழுவியது. 115 என்ற கட்டணமில்லா எண்ணை அழைத்தால், ஆம்புலன்ஸ் இல்லாத இடத்தில் உள்ளூர் டாக்சி ஓட்டுநர் வருகிறார். அவருக்குக் கூலி கைப்பேசிப் பணமாகப் போய்ச் சேர்கிறது. மருத்துவ நிலையத்தில் நடக்கும் பிரசவங்கள் 2004-05இல் பாதிக்கும் குறைவு. 2022இல் ஐந்தில் நான்கு. அந்த ஆண்டுத் தேசியக் கணக்கெடுப்பு தாய் இறப்பை லட்சத்துக்கு 104 என்கிறது. ஐ.நா. அமைப்புகளின் மதிப்பீடு அதைவிட இரு மடங்குக்கும் மேல். எந்த எண் சரியென்றாலும் திசை சரியாக இருக்கிறது.

தேசிய எண் இறங்குவதால் ஒரு குறிப்பிட்ட மாவட்டத்துப் பட்டியல் நியாயமாகிவிடாது. ஆகவே வெளியிலிருந்து பணம் தருகிறவர்களிடமும் திட்டம் எழுதுகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். மாவட்டத்தின் தாய் இறப்பு ஒவ்வொன்றையும் எண்ணி, அறுவை அரங்கு எங்கே இல்லை, ஏன் இல்லை என்பதை ஆண்டுதோறும் கிராமக் கூட்டத்தில் வாய்மொழியாக அறிவியுங்கள். அந்தக் காரணத்தை ஏற்காத பெண்களின் முறையீட்டுக்கு, அடுத்த வரவுசெலவு கையெழுத்தாகும் முன் பதில் கொடுங்கள்.